உயிரோடு அனுப்பத் தேவையான காகிதங்கள்

எங்கள் தொழிலில் பயணி பேசவே மாட்டார், கூட வந்தவர் நிறுத்தவே மாட்டார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, மழை பெய்தால் ஒழுகுகிற இடத்தில் வைக்க ஒரு வாளி. என் அத்தா உயிரோடு இருந்தவரை இது வளைகுடாவுக்கு டிக்கெட் போடுகிற கடை. மணமேல்குடி, கட்டுமாவடிப் பக்கம் இருந்து வருகிறவர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர் மௌத்தாகி, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த நேரம், எல்லாரும் செல்போனிலேயே டிக்கெட் போடப் பழகிவிட்டார்கள். செல்போனில் போட முடியாத பயணிகள்தான் எனக்கு மிஞ்சினார்கள். நாய், பூனை, எப்போதாவது ஒரு ஆடு.

உயிருள்ள மிருகத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்து, அதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதுதான் வேலை. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்தவர்களே, "இன்னிக்கு சார் மீட்டிங்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பியவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதே பாடுதான். நடுநடுவே ஒன்று குரைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிடாவுக்கு நிழல் உண்டா?

கட்டுமாவடிக்காரர் ஒருவர் வந்தார். இருபது வருடமாக வளைகுடாவில் ஒரே முதலாளியிடம் வேலை. லீவு முடிந்து திரும்பும்போது முதலாளிக்கு நம் ஊர்க் கிடா ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசை. "கையில புடிச்சுக்கிட்டே போயிறலாமா, இல்ல லக்கேஜ்ல போடணுமா தங்கச்சி?" என்று கேட்டார். சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பட்டியலை எடுத்தேன். அந்த நாட்டின் அனுமதி, ரத்தப் பரிசோதனை, காதில் நம்பர் வில்லை, மற்ற ஆடுகளோடு சேராமல் தனியாகக் கட்டிவைத்துக் கண்காணிப்பது, வழியில் எத்தனை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டுவது, இறங்கிய இடத்தில் நிற்க நிழல், படுக்கக் காய்ந்த தரை, காற்றோட்டம். எல்லாவற்றையும் வாசித்தேன்.

அவர் பாதியிலேயே கிடாவை மறந்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கடைசி நாலு வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், வாசற்படியில் நின்று சொன்னார்: "தண்ணி இருக்கா, நெழலு இருக்கா, படுக்க எடம் இருக்கான்னு ஆட்டுக்குக் கேக்குறாங்க. நான் மொத மொதல்ல போனப்ப ஒங்க அத்தாதான் டிக்கெட் போட்டாரு தங்கச்சி. எனக்கு ஒருத்தரும் இதக் கேக்கலையே."

ரெண்டு டிக்கெட்

அருளானந்து ஐயா ரிட்டயர்டான அரசு பஸ் டிரைவர். ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். எழுபது தாண்டியவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஸ்டெல்லா வளைகுடாவில் நர்ஸ். அவர் முதல்முதல் என் ஆபீஸுக்கு வந்தபோது படியில் அவருக்கு முன்னால் ஏறி வந்தது ஒரு செம்மண் நிற நாய். ஒரு காது மடிந்திருந்தது. அறைக்குள் நுழைந்து நாலு மூலையையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. பேர் கேட்டேன். கண்டக்டர் என்றார். மொபெட்டில் பின்னால் அது ஏறி உட்கார்ந்தால்தான் அவரால் வண்டியை எடுக்க முடியுமாம். நிறுத்தினால் முதலில் இறங்குவதும் அதுதானாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் குளிக்கிற இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். கண்டக்டர் குரைத்த குரைப்பில் பக்கத்து வீட்டு லூர்து அக்கா வந்து பார்த்து, தூக்கி உட்காரவைத்திருக்கிறார். விஷயம் கேட்ட ஸ்டெல்லா பயந்துபோய், அப்பாவை இனி தனியாக விடுவதில்லை என்று அங்கே விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். இவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நாயும் வந்தால் வருவேன். ஸ்டெல்லா போனில் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள், நாய் போகாவிட்டால் அப்பா அந்த வீட்டிலேயே தனியாகக் கிடந்து செத்துப்போவார் என்று. "அனுப்பிருவோம்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வார்த்தையை யார் சொல்லச் சொன்னார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். பெரியவர் பாஸ்போர்ட்டை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு டிக்கெட்டா போடும்மா. முப்பத்தொரு வருசம் கண்டக்டர் இல்லாம வண்டி எடுத்ததில்ல. வயசான காலத்துல எதுக்கு அந்தப் பழக்கம்?"

இனம்

விண்ணப்பத்தில் நாயின் இனம் என்று ஒரு கட்டம். கையால் எழுத முடியாது, கம்ப்யூட்டர் காட்டுகிற பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். உலகத்தில் இத்தனை நாய் இருக்கிறதா என்று மலைத்துப்போகும் அளவுக்குப் பேர்கள். பனியில் வண்டி இழுக்கிற நாய் இருக்கிறது, ராணி மடியில் உட்காருகிற நாய் இருக்கிறது, நம் தெருவில் படுத்திருக்கிற நாய் இல்லை. மேலும் கீழும் தேடி அலுத்துப்போய், "கலப்பினம்" என்பதை எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அருளானந்து ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "கலப்பா? இதோட ஆத்தாளையும் எனக்குத் தெரியும், அப்பனையும் தெரியும். ரெண்டும் எங்க ஊருதான்."

போகாத கிளி

இலுப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கிற அம்மாள் ஒருவர், கூண்டோடு ஒரு பச்சைக்கிளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகன் குடும்பம் சிங்கப்பூரில். பேத்தி கிளி கேட்டாளாம். நான் கதவைச் சாத்தினேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியை அனுப்புவது இருக்கட்டும், கூண்டில் வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று மெதுவாகச் சொன்னேன். எட்டு வருடமாக வளர்க்கிறாராம். அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. போலீஸ் வருமா என்றார். வனத்துறையில் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், எழுந்து போய் ஜன்னலில் கூண்டை வைத்து அதன் கதவைத் திறந்துவிட்டார்.

கிளி வெளியே எட்டிப் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தம். ஒரு கால் எடுத்து வைத்தது, பிறகு அந்தக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, தன் கம்பியில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மாள் தட்டிப் பார்த்தார், பழம் காட்டிப் பார்த்தார், கெஞ்சினார். கால் மணி நேரம் ஆனது. என் பக்கம் திரும்பினார், கண்ணில் தண்ணீர் நின்றது. "போக மாட்டேங்குது மேடம். இதுக்கும் ஏதாச்சும் பாரம் எழுதித் தரணுமா?"

முதலில் சிப், பிறகு ஊசி

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். நாய் வெளிநாடு போக முதலில் அதன் கழுத்துத் தோலுக்கு அடியில் ஒரு சிப் வைக்க வேண்டும். அரிசி மாதிரி இருக்கும், உள்ளே ஒரு நம்பர். அதற்குப் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, ஊசி வேலை செய்கிறதா என்று வெளியூர் லேபில் பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி, எந்த நாய்க்குப் போட்டது என்று யாருக்குத் தெரியும்? அதனால் அந்த ஊசி கணக்கில் வராது. இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அருளானந்து ஐயாவின் ஊரில் ஒரு நாள் இலவசத் தடுப்பூசி முகாம் நடந்தது. நாம் வேறு தாமதம் பண்ணக் கூடாது என்று அவரே முதல் ஆளாகக் கண்டக்டரைக் கூட்டிப் போய் ஊசி போட்டு, அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. ஒன்பது நாள் கழித்துச் சிப் வந்தது, வைத்தோம். இரண்டு தேதியையும் விண்ணப்பத்தில் என் கையாலேயே அடித்தேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டம். என் கண் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. ரத்தம் எடுத்து, ரிசல்ட் வந்து, எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு அந்த நாட்டில் இருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. ஊசி செல்லாது. முதலில் இருந்து தொடங்கவும்.

சிப் வைத்த கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அவர் ரொம்பச் சாதாரணமாக, "ஒம்போது நாளு வித்தியாசம்தானே மேடம். சிப்புக்கு மறுநாள் நான் ஊசி போட்டதா ஒரு கார்டு எழுதித் தாரேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். மாட்டேன் என்றேன். பொய்க் கார்டு பிடிபட்டால் அங்கே நாயை இறங்க விடாமல் திருப்பிவிடுவார்கள் என்ற பயம் பாதி. அத்தா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பொய்க் கார்டு அனுப்புவதா என்ற வீம்பு மீதி. ரொம்ப நல்ல பெண்ணாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தேன். அருளானந்து ஐயாவிடம் தப்பு என்னுடையது என்று சொன்னபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் கண்டக்டரின் மடிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தார். "தப்பு யாரு மேலங்கிறத விடும்மா. ரூட்டு மாறி வந்துட்டோம், அம்புட்டுத்தான். எங்கன திரும்பணும்னு மட்டும் சொல்லு."

டூட்டி

புது ஊசி போட்டோம். மறுபடி ஒரு மாதம், மறுபடி ரத்தம், அதற்கு மேல் மூன்று மாதம். இதற்கு நடுவே பெரியவருக்கு விசா வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் போய் இறங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஸ்டெல்லா தினமும் போன் செய்தாள். நீங்கள் முதலில் போங்கள், கண்டக்டர் பின்னால் வந்துவிடும் என்று அவரிடம் பேசியதும் நான்தான். ஒத்துக்கொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முதல்நாள் ஆபீஸுக்குத் தனியாக வந்தார். படியில் அவருக்கு முன்னால் எதுவும் ஏறி வரவில்லை. நாயை லூர்து அக்கா வீட்டில் விட்டிருப்பதாகவும், படுத்துக்கொள்ளத் தன் பழைய காக்கிச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பதாகவும் சொன்னார். அது சோறு சாப்பிடுகிற நேரம், அதற்குப் பிடிக்காத மருந்துக்கடைக்காரர், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும் என்பது, எல்லாவற்றையும் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன். அழுதுவிடுவார் என்று பயந்தேன், அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஊருக்குப் போறேன்னு அதுகிட்ட சொல்லலம்மா. டூட்டிக்குப் போயிட்டு வாரேன்னுதான் சொல்லிருக்கேன்."

பூனையின் சங்கதி

இந்தக் காத்திருப்புக்கு நடுவில்தான் மணமேல்குடியில் இருந்து ஒரு புதுப்பெண் பூனையோடு வந்தாள். மாப்பிள்ளை அங்கே, இவள் இங்கே, எட்டு மாதம் கழித்து விசா வந்திருக்கிறது. பூனைக்கும் ஒவ்வொன்றாக எல்லாம் முடிந்து, பயணத்துக்கு நாலு நாள் முன்னால் டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சினையாக இருக்கிறது, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் நாற்காலியிலேயே உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். கூட வந்திருந்த மாமியார் அவளைத் தேற்றுகிற மாதிரி, ஆனால் பூனையையே முறைத்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்: "இந்த வீட்ல எதுக்கு எது முந்தணும்னு ஒரு மொறையே இல்லாமப் போச்சுங்க."

ஏழு தடவை

கண்டக்டருக்கு இரண்டாவது தடவை ரத்தம் எடுத்த நாள். முதல் தடவை பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டார், அது அசையவே இல்லை. இந்தத் தடவை லூர்து அக்காவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்று அவர் வெளியே போய்விட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் வீடுகளில் நாயைத் தொடுவதில்லை. தொட்டு எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. இத்தனை நாய்களுக்குப் பேப்பர் பார்த்திருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் கண்டக்டரின் முகத்தைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அது என் மணிக்கட்டை நக்கிக்கொண்டே ஊசியை வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கொல்லையில் உட்கார்ந்து கழுவினேன். உம்மா வாசலில் நின்று தடவைகளை எண்ணினார். என்னை அழைத்துப்போக விசா எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடல் தாண்டிப் போனவர் ஒருவர் எனக்கும் உண்டு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை என்பது ஏற்பாடு. அன்றைக்கு உம்மா ஏற்பாட்டை மீறினார். ஏழாவது தடவைக்குக் கிட்டே வந்து, தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஊரு நாய்க்கெல்லாம் ஓடி ஓடி விசா எடுக்குற. ஒனக்கு எடுத்தாரேன்னு போனவன் போயி ஒம்போது வருசமாச்சுடி."

பயணத்துக்குத் தகுதியானது

லேப் ரிசல்ட் நன்றாக வந்தது. மூன்று மாதமும் ஓடி முடிந்தது. அந்த நாட்டின் அனுமதி வந்தது. ஆசாரியிடம் சொல்லிக் கூண்டு செய்தாயிற்று; நாய் உள்ளே நிற்கலாம், திரும்பலாம், காலை நீட்டிப் படுக்கலாம், எல்லாம் விதிப்படி. சென்னையில் இருந்து போகிற விமானத்தில் இடம் போட்டாயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு சான்றிதழ். புறப்படுவதற்குச் சில நாள் முன்னால் டாக்டர் பார்த்து, இந்த நாய் ஆரோக்கியமாக இருக்கிறது, பயணத்துக்குத் தகுதியானது என்று எழுத வேண்டும். அதற்குப் பதினோரு நாள் இருக்கும்போது லூர்து அக்கா போன் செய்தார். கண்டக்டர் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை.

உண்ணிக் காய்ச்சல். மழைக்காலத்தில் புல்லில் உண்ணி அதிகம், நம் ஊர் நாய்களுக்கு வழக்கமாக வருவதுதான், சீக்கிரம் பார்த்தால் பிழைத்துவிடும் என்றார் டாக்டர். நாங்கள் சீக்கிரம் பார்க்கவில்லை. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் காலையில், அந்தக் காக்கிச் சட்டை மேலேயே, கண்டக்டர் மூச்சை விட்டுவிட்டது. பெரியவரின் வீட்டுக் கொல்லையில் லூர்து அக்காவின் புருஷன் குழி தோண்டினார். நான் தேதியை ஒழுங்காகப் பார்த்திருந்தால், அல்லது அந்தப் பொய்க் கார்டை வாங்கியிருந்தால், அது அந்த மழைக்கு முன்னாலேயே விமானம் ஏறியிருக்கும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், அனேகமாகத் தினமும்.

ஸ்டெல்லாவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்து அறையில் அப்பா இருக்கிறார் என்று தெரிகிற குரலில் சொன்னாள்: "அப்பா இங்க வந்ததுலேருந்து சரியாச் சாப்பிடுறதில்லக்கா. கண்டக்டர் வரப் போகுதுன்னுதான் காலைல எந்திரிச்சு சட்டையே போடுறாரு. இன்னும் ஏதோ ஒரு பேப்பர் வரணும்னு சொல்லிருங்க. ஒங்களுக்குத்தான் அந்தப் பேரெல்லாம் தெரியும்."

வெள்ளிக்கிழமை

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அருளானந்து ஐயா போன் செய்வார். அங்கே மகளுக்கு அன்று லீவு, போனைப் போட்டுக் கையில் கொடுப்பாள். முதல் வாரம், விமானத்தில் இடம் தள்ளிப் போய்விட்டது என்றேன். இரண்டாவது வாரம், கூண்டின் அளவு சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள் என்றேன். அதற்கடுத்த வாரம் குடல்புழுச் சான்றிதழ், அதற்கடுத்து உண்ணி இல்லை என்ற சான்றிதழ். பிறகு ஒரு முத்திரை, பிறகு அந்த முத்திரை போடுகிறவருக்கு லீவு. வியாழக்கிழமை மாலையானால் மறுநாள் என்ன சொல்வது என்று உட்கார்ந்து யோசிப்பேன். பதினான்கு நாட்டு விதிகளை இணையத்தில் படித்து, எங்கேயாவது கேட்கிற ஒரு காகிதத்தைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்வேன். அவரும் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்படியா, சரி" என்பார். கண்டக்டர் சாப்பிடுகிறதா என்று மட்டும் கேட்க மாட்டார். ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்தான். எந்த வாரத்தில் இருந்து கேட்பதை நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். யோசித்து வைக்க முடியவில்லை. போன் வந்ததும் வாய் குழறி, "ஐயா, எல்லாப் பேப்பரும்..." என்று தொடங்கிவிட்டு, எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அங்கே தூரத்தில் ஏதோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, எனக்கு உதவி செய்கிற மாதிரி, மெதுவாக, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "வந்துருச்சுன்னு மட்டும் சொல்லிறாதம்மா. இங்க ஸ்டெல்லா என்னய நெனச்சு பயந்துக்கிட்டே இருக்கு. அடுத்த வாரமும் ஏதாச்சும் ஒரு பேப்பர் கொறையிற மாதிரியே பாத்துக்க."

உயிருள்ள நாயை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒன்பது காகிதம் இருந்தால் போதும் என்று இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டேன். செத்துப்போன நாய்க்குத்தான் எத்தனை கொடுத்தாலும் தீர மாட்டேன் என்கிறது.